வேலூரில் முதல் கடல்நீர் மீன்தொட்டி: கருவிகள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்னீர்த் தொட்டியில் கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் வளர்த்துப் பழகியவர்கள் கடல்நீர்த் தொட்டிக்கு மாற விரும்பும்போது, மீன்தொட்டிக் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூருக்குப் போய் நீல விளக்கையும் ஒரு ஜோடி கோமாளி மீனையும் முதலில் வாங்கிவிடுகிறார்கள். தண்ணீரைத் தயாரிக்கும் கருவி, அதைக் குளிர்விக்கும் ஏற்பாடு, மின்சாரம் நின்றால் தாங்கும் வசதி ஆகிய மூன்றும் கடைசிக்குத் தள்ளப்பட்டு, கையிருப்பு தீர்ந்ததும் விடுபட்டுப் போகின்றன. வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை பகுதிகளில் தொட்டி வைப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நம் பகுதிப் போர் தண்ணீர் கடினமானது, நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்தால் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும் கிணறுகளும் இங்கு உண்டு. குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குடிநீருக்கான ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் பகுதி இருக்கிறது. கேன் தண்ணீரும் அப்படித்தான். அவற்றில் எஞ்சும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் ஆகியவை சில வாரங்களிலேயே கண்ணாடியிலும் கல்லிலும் பழுப்புப் பாசியை வளர்த்துவிடும். ஆர்.ஓ. மெம்பிரேனுக்குப் பின், எஞ்சிய தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குடுவை பொருத்தி, மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரையே பயன்படுத்த வேண்டும். இதில் கழிவுநீர் நிறைய வெளியேறும். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஊரில் அதைச் சாக்கடையில் விடாமல், தரை கழுவவும் கழிப்பறைக்கும் எடுத்து வைப்பது நல்லது.

உப்பில் நேரும் தவறு இதைவிடப் பெரிது. சமையலறைக் கல் உப்பு ஏறத்தாழ முழுக்கச் சோடியம் குளோரைடு. கடல் மீனுக்கு வேண்டிய மக்னீசியம், கால்சியம், பைகார்பனேட் ஆகியவை அதில் போதிய அளவில் இல்லை. மெரினாவிலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவருவதும் சரியல்ல, ஏனெனில் கரையோர நீரில் நகரத்துக் கழிவும் கலந்திருக்கும். மீன்தொட்டிக்கென விற்கப்படும் உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 36 முதல் 40 கிராம் வரை, தனி டிரம்மில், சிறிய மோட்டார் ஓடவிட்டுக் கரைக்க வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் நேரடியாகக் கொட்டக் கூடாது.

உப்பின் அளவு பார்க்க, குமிழி ஒட்டினாலே தவறாகக் காட்டும் மலிவான பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாமல், ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். கண்ணாடிப் பரப்பில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைக் காற்றுக்குமிழி இல்லாமல் படியவைத்து, அரை நிமிடம் பொறுத்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 35இல், அதாவது ஆயிரம் பங்கு நீரில் 35 பங்கு உப்பு என்ற அளவில், நிற்க வேண்டும். அதற்கு முன் 35 அளவுள்ள சோதனைக் கரைசலால் கருவியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

குளிர்நாட்டார் எழுதிய பட்டியல்களில் ஹீட்டர் முதலில் வரும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊருக்கு அந்த வரிசை பொருந்தாது. தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். அதே வெப்பத்தில் நன்னீர் ஏற்பது 8.2. நீர் 32 டிகிரிக்கு ஏறினால் கடல்நீரின் அளவு ஏறத்தாழ 6க்கு இறங்கும், மீனின் ஆக்சிஜன் தேவையோ அப்போதுதான் கூடும். நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறிய மின்விசிறி ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். சென்னையின் ஈரக் காற்றைவிட நம் வறண்ட காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆயினும் அறையே 36 டிகிரியில் கொதித்தால் விசிறி போதாது. நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் வேண்டும், அல்லது ஏ.சி. அறையில் தொட்டி வேண்டும். சில்லரைத் தொட்டியின் அடியிலுள்ள மூடிய அலமாரிக்குள் வைத்துவிட்டால், அது வெளியேற்றும் சூடு அங்கேயே தங்கிக் கருவியின் வேலை வீணாகும்.

விசிறி வைத்தவர்கள் மறக்கும் இன்னொன்று, நீர்தான் ஆவியாகிறது, உப்பு ஆவதில்லை. 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் 28 லிட்டர் போய், 35இல் இருந்த உப்பு 40ஐத் தாண்டிவிடும். குறைந்த நீரை உப்புநீரால் ஈடுசெய்வது நிலைமையை மேலும் கெடுக்கும், உப்பில்லாத ஆர்.ஓ. டி.ஐ. நீரையே ஊற்ற வேண்டும். மிதவை உணரியுடன் தானாக நீர் நிரப்பும் கருவி இங்கே ஆடம்பரம் இல்லை. முதல் தொட்டி 40 லிட்டரில் சிறியதாக இருந்தால் எளிது என்று நினைப்பதும் இதனால்தான் தவறு. நீர் குறைவாக இருந்தால் எல்லா மாற்றங்களும் வேகமாக நடக்கும்.

மின்தடைக்கு வீட்டு இன்வெர்ட்டரே போதும். ஆனால் அந்த இணைப்பு பெரும்பாலும் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கும், ஆகவே தொட்டியருகே உள்ள பிளக்குக்கும் அதை எடுத்துவரச் சொல்லுங்கள். நீரைச் சுழற்றி மேற்பரப்பை அலைக்கும் வேவ்மேக்கரை மட்டும் அதில் மாட்டினால் பேட்டரி வெகுநேரம் தாங்கும். எந்தக் கருவியின் வயரும் பிளக்கை எட்டுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். வழியும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்கான மின்னிணைப்பில், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும்.

நீரிலுள்ள கரிமக் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரைத் தொட்டியின் கொள்ளளவுக்குப் பொருத்தமாக வாங்கினால் போதும். மீன் மட்டும் வளர்ப்பவருக்கு விலையுயர்ந்த விளக்கு தேவையில்லை. கடைக்காரர் உயிருள்ள பவளத்தை நீட்டினால் வாங்காதீர்கள்: கல்பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, கடல்குதிரைகளும் அப்படியே. அவற்றை வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். தொட்டிக்குள் அடுக்க நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கற்களே போதும்; மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் அவற்றில் தாராளமாகக் குடியேறும்.

இந்தப் பாக்டீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைப் பெட்டிகளே உங்களுக்குக் கண். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தபின், கடலில் பிடித்த மீனைத் தவிர்த்து, பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன்தானா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இம்மீன்களைப் பொரிப்பகத்தில் பெருக்கிக் காட்டியிருக்கிறது.