டெல்லி வெயில், கரண்ட் தொல்லை: கம்ப்யூட்டரைக் காக்க என்ன செய்யலாம்?

மே பிறந்தால் டெல்லியில் வெயில் 45 டிகிரியைத் தொடுவது வழக்கம். கரோல்பாகிலோ மயூர் விஹாரிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருந்தால் ராத்திரியிலும் சுவர் ஆறாது. பல லேப்டாப் கையேடுகள் 35 டிகிரிக்கு மேல் போகாத அறையில் பயன்படுத்தச் சொல்கின்றன. ஏசி இல்லாத வீட்டில் அதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

படி 1: இடம்

வெயில் விழும் மேற்குச் சுவரை விட்டு மேசையை நகர்த்துங்கள். டெஸ்க்டாப் கேபினெட்டின் (சிபியு பெட்டி) பின்பக்கம் அரை அடி இடைவெளி இருக்கட்டும். மெத்தை மேல் லேப்டாப்பை வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டுவிடும். அறையைக் குளிர்விக்கும் ஏர் கூலரின் காற்று நேராகப் படவே கூடாது. அது ஈரக் காற்று, சில நேரம் துளியும் தெறிக்கும்.

படி 2: தூசி

ஆந்தி என்கிற புழுதிப் புயல் அடித்து ஓய்ந்ததும் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். ப்ராசஸர் மேல் அதன் சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். சுத்தம் செய்யும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

படி 3: எர்த்

வாடகை வீட்டில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கம்பி இணைப்பு, இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம். உடனே பிளக்கை எடுத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும்போது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட் காட்ட வேண்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. எர்த் சரியில்லை என்றால் திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் ஸ்பைக் கார்டை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் முழுப் பலன் கிடைக்காது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகுவதும் எர்த்தைத் துண்டிப்பதுதான். வீட்டு ஓனரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது.

படி 4: யுபிஎஸ்

ஸ்டெபிலைசர் வோல்டேஜைச் சீராக்கும், கரண்ட் போனால் கைகொடுக்காது. சாதாரண இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் டெஸ்க்டாப் அணைந்துவிடலாம். கரண்ட் போனதும் சட்டென்று பேட்டரிக்கு மாறிக் கம்ப்யூட்டரை அணையாமல் காப்பது யுபிஎஸ். நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைகளில் 'லைன் இன்டராக்டிவ்' யுபிஎஸ் என்று கேட்டு வாங்குங்கள். வோல்டேஜ் ஓரளவு இறங்கினாலும் பேட்டரியைத் தொடாமலே சரிசெய்யும். யுபிஎஸ்ஸின் திறனை விஏ என்ற அளவில் சொல்வார்கள்; 600 விஏ என்றால் பொதுவாக 360 வாட் வரை தாங்கும். சாதாரண டெஸ்க்டாப், மானிட்டர், ரவுட்டருக்கு அது போதும். வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். லேசர் பிரின்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள், சூடேறும்போது நிறைய இழுக்கும்.

யுபிஎஸ் இல்லையா? கரண்ட் போனதும் சுவிட்சை அணையுங்கள். போகும்போதை விட திரும்பி வரும்போதுதான் வோல்டேஜ் எகிறும். லைட் சிமிட்டாமல் ஐந்து நிமிடம் எரிந்த பிறகு போடுங்கள்.

படி 5: பேட்டரி

வெப்பம் 10 டிகிரி கூடினால் யுபிஎஸ்ஸில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் யுபிஎஸ்ஸையும் நிழலில் வையுங்கள். மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் சேமித்துவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பழையதைக் குப்பையில் போடாமல் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.