வெல்டிங் வெளிச்சம்: பகலில் பட்டது, இரவில் வலிக்கும்

எங்கள் சித்தப்பாவின் கிரில் பட்டறையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனுக்கு வேலை நேரத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. சாப்பிட்டுப் படுத்தவன், நடுராத்திரியில் கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து அழுதான். கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டதுபோல இருக்கிறது என்றான். அன்றைக்கு அவன் ஒரு வெல்டிங் ராடுகூடப் பிடிக்கவில்லை.

வெல்டிங் வெளிச்சத்தில் வரும் புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, படும்போது வலிக்கவும் வலிக்காது. கருவிழியின் மேல்படலம் வெந்துபோய், பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கும். அதனால் எந்த நேரத்தில் பட்டது என்றே பிடிபடுவதில்லை.

பட்டறைகளில் நான் அதிகம் பார்ப்பது, டாக் (முழுதாக வெல்டு செய்வதற்கு முன் துண்டுகளை நிறுத்த வைக்கும் சிறு பொட்டு) வைக்கும்போது முகத்தை மறைக்கும் ஷீல்டை எடுக்காமல் விடுவது. “ஒரு பொட்டுதானே” என்று முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆனால் ராடு நுனியில் ஆர்க் என்னும் மின்சுடர் பளிச்சென்று பிடித்த பிறகுதான் இமை மூடும். ஒரு கேட்டுக்கு எத்தனை டாக் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் அன்றைய கணக்கில் சேரும். ராடு பிடிப்பவருக்காவது எப்போது பற்றும் என்று தெரியும். எதிரே குழாயைப் பிடித்திருக்கும் பையனுக்கு அதுவும் தெரியாது. அவனுக்கும் ஒரு ஷீல்டு வாங்கிக் கொடுங்கள், பெரிய செலவில்லை.

கூலிங் கிளாஸ் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் தாராளமாக நுழையும், முகத்துக்கும் மறைப்பில்லை. சாதாரண ராடு வெல்டிங்குக்கு 10 அல்லது 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி வேண்டும். அது விரிசல் விட்டால் அன்றே மாற்றிவிட வேண்டும்.

அப்புறம் தோல். சட்டைக் கையை மடித்துவிட்டு, மேல் பொத்தானைத் திறந்துவிட்டு வேலை செய்தால் கழுத்தும் முன்கையும் கன்றிச் சிவந்து உரியும். முழுக்கை பருத்திச் சட்டையே நல்லது. பாலியஸ்டரில் பொறி விழுந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். வெல்டிங்கின் புற ஊதாக் கதிரை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

கிருமி கொல்லும் விளக்கும் இதே ரகம்தான். 254 நானோமீட்டர் கதிரைக் கொட்டும் அந்தக் குழாய், பார்வைக்கு மங்கலான நீல வெளிச்சமாகத் தெரிவதால் பயமில்லாமல் அதன் கீழே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆள் இருக்கும் அறையில் அதைப் போடவே கூடாது.

சரி, வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டது, இப்போது என்ன? அந்த ராத்திரி பையனுக்குக் கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். வேண்டாம், கிருமி சேர்ந்தால் புண் பெரிதாகும். மருந்துக் கடையில் மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டே இருப்பது அதைவிடக் கெடுதல். வலி போகும், ஆனால் கருவிழி ஆறாது. கண்ணைக் கசக்காமல், மூடிய இமையின் மேல் குளிர்ந்த ஈரத்துணி வைத்து, இருட்டில் படுக்க வைத்து, விடிந்ததும் கண் மருத்துவரிடம் காட்டினோம். பொதுவாக ஓரிரு நாளில் சரியாகிவிடும், அவனுக்கும் ஆனது. ஒரு கண்ணில் மட்டும் உறுத்தல் இருந்தால் கிரைண்டிங்கில் தெறித்த இரும்புத் தூள் உள்ளே இருக்கலாம், அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.