நினைவுக் கத்தி சேர்ப்பவர்களுக்கு, டர்பனிலிருந்து

ஒரு நிகழ்ச்சியையோ ஆண்டு விழாவையோ நினைவுகூரச் செய்யும் கத்திதான் நினைவுக் கத்தி. அதைச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் அலகின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். நான் எண்ணைப் பார்க்கச் சொல்வேன். பெட்டி மூடியில் ‘லிமிடெட் எடிஷன்’ என்று பொன்னெழுத்தில் இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. மொத்தம் எத்தனை செய்தார்கள்? உங்கள் கைக்கு வந்தது எத்தனையாவது? இரண்டும் எழுத்தில் இருக்கிறதா? இதற்குப் பதில் கிடைத்த பிறகு விலையைப் பேசலாம்.

சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் 1897-ல் பதிவு செய்த ஆபீசர்ஸ் கத்திக்கு, அதாவது ஸ்விஸ் ஆர்மி கத்திக்கு, 125 வயது ஆனபோது, 2022-ல் அதே பழைய வடிவத்தில் 9,999 கத்திகள் செய்தார்கள். கணக்கு தெளிவு. அதே நிறுவனம் ஆண்டுக்கொரு நிறத்தில் விடும் அலாக்ஸ் என்ற அலுமினியப் பிடிக் கத்திகளுக்கு வரம்பு எண்ணிக்கை அல்ல, காலம்தான். ஆண்டு முடிந்தால் அந்த நிறமும் முடிந்தது. அவை அழகானவை, வரிசையாக வைத்துப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அபூர்வம் என்று சொல்லி யாராவது இரண்டு மடங்கு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெயரிலேயே ஆண்டு விழா இருந்தும் லிமிடெட் இல்லாத கத்திகளும் உண்டு. கிறிஸ் ரீவ் என்ற கத்தி வினைஞரின் செபன்சா 25 மடக்குக் கத்தி, அந்த மாடலின் இருபத்தைந்து ஆண்டுகளைக் குறிக்க வந்த கத்தி. ஆனாலும் சில காலம் வழக்கமான உற்பத்தியிலேயே இருந்தது. கிறிஸ் ரீவ் 1984-ல் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொழிலைத் தொடங்கியவர். 1989-ல் அமெரிக்காவின் ஐடஹோவுக்குப் போய்விட்டார். டூல் அண்ட் டை வேலை, அதாவது தொழிற்சாலைக்கு அச்சும் கருவியும் செய்யும் வேலை, படித்தவர். டர்பனின் ஜேக்கப்ஸ் பகுதிப் பட்டறைகளில் அதே வேலையில் காலம் கழித்தவன் நான். அந்தக் கத்தியைத் திறந்து பூட்டு வந்து உட்காரும் இடத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும்.

அடுத்தது, யார் செய்த நினைவுக் கத்தி என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வருபவற்றில் பல, கேஸ் அல்லது பக் என்ற கத்திக் கம்பெனியின் சாதாரணக் கத்தியை வேறொரு வியாபாரி மொத்தமாக வாங்கி, அலகில் படம் பொறித்து, பெட்டி போட்டு விற்றவை. அது மோசடி இல்லை. ஆனால் தொழிற்சாலையே வெளியிட்டதற்கும் இதற்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது. கேஸ் கத்தி என்றால் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 1970-ல் அலகின் அடியில் உள்ள முத்திரையின் கீழ் பத்துப் புள்ளி வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1975-க்கு ஐந்து, 1979-க்கு ஒன்று. 1980-ல் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள். எழுபதுகளின் ஆரம்பத்து நினைவுக் கத்தி என்று சொல்லி ஒரே ஒரு புள்ளி உள்ள கத்தியை நீட்டினால், அலகு ஒரு கதை, பெட்டி வேறு கதை என்று அர்த்தம்.

தூரத்திலிருந்து வாங்கும்போது நான் கேட்கும் படங்கள்: அலகில் உள்ள எண், சான்றிதழில் உள்ள எண், அடி முத்திரை, கூர் ஓரம் நெருக்கத்தில், அப்புறம் கத்தியைத் தூக்கிய பிறகு பெட்டியின் வெல்வெட். கடைசிப் படத்தைப் பலர் கேட்பதில்லை. வெல்வெட்டில் பழுப்பாகவோ பச்சையாகவோ கத்தியின் நிழல் விழுந்திருந்தால் அடிப்பக்கம் துருவோ களிம்போ இருக்கும், மேல் பக்கம் எவ்வளவு மின்னினாலும் சரி. கூர் ஓரத்தில் தீட்டிய கோடு தெரிந்தால் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெளி அட்டை உறையும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். விற்கிற நாளில் கத்தி, பெட்டி, உறை, சான்றிதழ் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பொருள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இறக்குமதித் தீர்வையோடு 15 விழுக்காடு வாட் சேரும், அதையும் விலையில் கூட்டிக்கொள்ளுங்கள். யானைத் தந்தப் பிடி போட்டதை எல்லை தாண்டி அனுப்ப, அருகும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் அனுமதி வேண்டும். காகிதம் இல்லாமல் விற்கிறவரிடம் எனக்குப் பேச்சே கிடையாது. இந்த நாட்டில் 2013-ஆம் ஆண்டின் அபாயகர ஆயுதச் சட்டம், முறையான சேகரிப்பையும் காட்சிக்கு வைப்பதையும் விலக்கியே வைத்திருக்கிறது. ஆனாலும் கண்காட்சிக்குக் கொண்டுபோகும்போது கத்தி பெட்டிக்குள், பெட்டி காரின் பின்பக்கத்தில், ரசீது கூடவே. விமானத்தில் என்றால் செக்-இன் பையில் மட்டும்.

இனி காப்பது. இதில்தான் நம் ஊரில் அதிகச் சேதம் நடக்கிறது.

நான் இசிப்பிங்கோ கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கோடையில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கையில் உப்பு ஒட்டும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பில் துரு வேகம் பிடிக்கும். டர்பன் கோடையில் அது சர்வசாதாரணம். ‘ஸ்டெயின்லெஸ்தானே’ என்று இருந்துவிடக் கூடாது. நம் நாட்டுக் கத்தி வினைஞர்கள் நிறையப் பயன்படுத்தும் என்690 என்ற ஸ்டெயின்லெஸ் உருக்கில் குரோமியம் சுமார் 17 விழுக்காடு. அதில்கூட உப்புக் காற்று பட்டுக்கொண்டே இருந்தால் ஊசி முனை அளவுக்குக் குழி விழும். வெவ்வேறு உருக்கை அடுக்கி அடித்த டமாஸ்கஸ் அலகு பெரும்பாலும் கார்பன் உருக்கு, அமிலத்தில் அரித்துக் கோலம் காட்டியது. அது இன்னும் சீக்கிரம் போகும்.

காட்டுகிற பெட்டி வேறு, காக்கிற பெட்டி வேறு. கத்தியோடு வந்த மரப்பெட்டி காட்டுவதற்கு மட்டும்தான். ஓக் மரம் அமில ஆவி விடும், ஒட்டுப்பலகையின் பசையும் அப்படித்தான். பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு மெத்தை ஆண்டுகள் போகப் போகப் பிசுபிசுத்து அலகில் அப்பிக்கொள்ளும். தோல் உறைக்குள் வைப்பது அதைவிட மோசம். தோல் பதனிட்ட ரசாயனமும் ஈரமும் சேர்ந்து அலகை அரிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் பிடி உள்ள கத்தி ஒன்று இருந்தாலும் அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அது சிதையத் தொடங்கினால் வெளிவரும் ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

நான் செய்வது இதுதான். கத்தியை வெளியே எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் அலகைத் துடைப்பேன். விரல் ரேகையில் உப்பும் அமிலமும் இருக்கிறது. சில நாளில் அந்த ரேகை அப்படியே அலகில் பதிந்துவிடும். காய்ந்ததும் மைக்ரோ கிரிஸ்டலின் மெழுகு மெல்லிசாகத் தடவி மெருகேற்றுவேன். ரெனசான்ஸ் மெழுகு என்று அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவார்களே, அதுதான். மடக்குக் கத்தியின் மூட்டுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் காறல் எடுத்துவிடும். பிறகு துருத் தடுக்கும் தாளில் சுற்றுவேன். புதுப் பேரிங்குகள் அந்தத் தாளில்தான் வரும், பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். சுற்றியதை ரப்பர் விளிம்பு உள்ள பாலிபுரொப்பிலீன் டப்பாவில் வைத்து, கூடவே சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும். 40-இலிருந்து 50-க்குள் நின்றால் நிம்மதி. ஜெல் நிறம் மாறினால் 120 டிகிரி ஓவனில் காய வைத்து மறுபடி போடலாம். மின்சார ஈரநீக்கியை நம்பி இருக்க வேண்டாம். லோட் ஷெடிங் வந்தால் அதுவும் சேர்ந்து தூங்கும்.

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கும் பிராசோவும் புளியும் இந்தக் கத்திகள் பக்கம் வரவே கூடாது. அலகில் உள்ள பொன் பொறிப்பு மிகவும் மெல்லிய பூச்சு, ஒரு தடவை அழுத்தித் தேய்த்தால் எழுத்து போய்விடும். நவராத்திரி ஒன்பதாம் நாள் ஆயுத பூஜைக்கு நான் கத்திகளையும் வைக்கிறேன். சந்தனமும் குங்குமமும் பிளாஸ்டிக் டப்பாவின் மூடி மேல், கத்தி மேல் இல்லை. ஈரச் சந்தனம் ஓர் இரவு அலகில் இருந்தாலே கறை விழும்.

மரப்பெட்டியும் சான்றிதழும் தனி. சான்றிதழைப் பாலியெஸ்டர் உறையில் போட்டு வையுங்கள். டர்பன் வீடுகளில் ஃபிஷ்மாத் பூச்சி தாளையும் பசையையும் தின்றுவிடும். எண் கிழிந்த சான்றிதழுக்கு மதிப்பு இல்லை.

உலர்ந்த ஊரில் இருப்பவர்களுக்குக் கவலை வேறு. என் தங்கச்சி மகன் ஜோகன்னஸ்பர்க் போனபோது கியாட் மரப் பிடி போட்ட கத்தி ஒன்றை எடுத்துப் போனான். குளிர்காலம் வந்ததும் போன் பண்ணினான். “மாமா, பிடியில் ஆணி கொஞ்சம் வெளியே நிற்கிற மாதிரி விரலில் தட்டுது.” அங்கே குளிர்காலக் காற்று அவ்வளவு உலர்ந்தது. மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. அப்படிப்பட்ட இடத்தில் சிலிக்கா ஜெல் போடாதீர்கள், ஹீட்டர் இருக்கும் அறையிலும் வைக்காதீர்கள். தந்தம், எலும்பு, வார்ட்ஹாக் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றியின் கொம்புப்பல் பிடிகளுக்கும் இதே விதி, அவை கீறல் விட்டால் சரிசெய்ய வழியில்லை.

எதைச் சேர்ப்பது என்பதற்கு என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. படம் பொறித்த கத்தியைவிட, நினைவுகூரும் பொருளின் உருக்கே அலகில் இருக்கும் கத்தி மேல். ஜெர்மனியின் சோலிங்கனில் போக்கர் கம்பெனி லெப்பர்ட் டாங்கியின் பீரங்கிக் குழாயிலிருந்தும், டிர்பிட்ஸ் போர்க்கப்பலின் உருக்கிலிருந்தும் டமாஸ்கஸ் அலகுகள் செய்திருக்கிறது. அங்கே எழுத்தை அழித்தாலும் விஷயம் அலகில் நிற்கும்.

அதை நாமே செய்யலாம். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு டுரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து 150 ஆண்டு ஆன 2010-ல், எங்கள் குடும்பத்துக்காக ஒரு கத்தி வினைஞரிடம் பன்னிரண்டு கத்திகள் செய்யச் சொன்னோம். என் தாத்தா உம்சின்டோ பக்கம் கரும்பு வெட்டியவர். அவருடைய கரும்புக் கத்திகள் இரண்டு வீட்டில் இருந்தன. பழைய இரும்பின் சேர்மானம் தெரியாததால் அதைக் கூர் ஓரத்துக்கு நம்பக் கூடாது என்று வினைஞரும் சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன். நடுவில் 1095 என்ற வகைப் புதுக் கார்பன் உருக்கு, இரண்டு பக்கமும் தாத்தாவின் இரும்பு, காய்ச்சி ஒட்டி அடித்தது. பார்த்தால் பழைய இரும்பு கருப்பாக, கூர் ஓரம் மட்டும் வெள்ளையாக ஓடும்.

இப்படிச் செய்யச் சொல்வதாக இருந்தால், எண்ணிக்கையை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்து எழுதிக்கொள்ளுங்கள். பொறிக்கும் அச்சை கடைசிக் கத்தி முடிந்ததும் அழித்துவிட வேண்டும். தென்னாப்பிரிக்கக் கத்தி வினைஞர் சங்கமான கில்டில் இருப்பவர்களின் வேலையை நேரில் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை செய்தார், எந்த உருக்கு, எங்கிருந்து வந்தது என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் ஒவ்வொரு கத்திக்கும் ஒன்று வேண்டும். யாராவது விற்க நினைத்தால் முதலில் குடும்பத்துக்குள் கேட்க வேண்டும் என்பதையும் எங்கள் கடிதத்திலேயே சேர்த்துவிட்டோம். நீங்களும் சேர்த்துவிடுங்கள், ஆளுக்கொரு கத்தி பிரித்த பிறகு அந்தப் பேச்சை எடுப்பது கஷ்டம்.