10எக்ஸில் பளிச், 40எக்ஸில் மங்கலா?

மைக்ரோஸ்கோப்பில் 10எக்ஸ் (10 மடங்கு பெரிதாக்கும்) லென்ஸில் தெளிவாகத் தெரிந்தது 40எக்ஸுக்கு மாற்றியதும் மங்கினால், லென்ஸைக் குறை சொல்லுமுன் ஸ்லைடைப் பாருங்கள். மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் மேல்பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் இடையில் சுமார் 1 மி.மீ. கண்ணாடி வந்துவிடும், 40எக்ஸ் அவ்வளவு தூரத்துக்கு ஃபோகஸ் ஆகாது.

ஸ்லைடு சரியா? அப்படியானால் 100எக்ஸ் லென்ஸில் பார்ப்பதற்காக ஸ்லைடில் விட்ட எண்ணெய் 40எக்ஸ் முனையில் ஒட்டியிருக்கலாம். பலர் சேர்ந்து பயன்படுத்தும் வகுப்பறைகளில் இது சகஜம். லென்ஸ் டிஷ்யூவால் மெதுவாக ஒற்றி எடுங்கள். சட்டை நுனி வேண்டவே வேண்டாம்!

அப்புறம், உயிரியல் மைக்ரோஸ்கோப் லென்ஸ்கள் பெரும்பாலும் 0.17 மி.மீ. கவர் ஸ்லிப்புக்காக வடிவமைக்கப்பட்டவை. வாங்கும்போது அந்தத் தடிமனைக் குறிக்கும் 'நம்பர் 1.5' என்று கேளுங்கள். உலோகப் பரப்பைச் சோதிக்கும் தொழிற்சாலை மைக்ரோஸ்கோப்புகளுக்குக் கவர் ஸ்லிப்பே தேவையில்லை.