அறிக்கையில் 'நெக்ரோசிஸ்' என்றிருந்தால் பிரித்துப் படிப்பது எப்படி?

மருத்துவ அறிக்கையில் இந்தச் சொல்லைக் கண்டால், முதலில் அதை 'நெக்ர்', 'ஓசிஸ்' என்று இரண்டாகப் பிரியுங்கள். கிரேக்க மொழியில் 'நெக்ரோஸ்' என்றால் பிணம். 'ஓசிஸ்' ஒரு நிலையைக் குறிக்கும் விகுதி. உயிருள்ள உடலுக்குள் ஒரு பகுதித் திசு மட்டும் இறந்துவிட்ட நிலை என்பதே இதன் பொருள். தமிழில் திசு இறப்பு என்றும் இழைய நசிவு என்றும் எழுதுகிறோம். 'ஐடிஸ்' என முடியும் சொற்கள் அழற்சியைக் குறிப்பவை; அழற்சி தணியக்கூடும், இறந்த திசுவோ மீண்டும் உயிர்பெறாது.

அடுத்து, முன்னால் நிற்கும் அடைமொழியைப் பாருங்கள். 'அவாஸ்குலர்' என்பதில் உள்ள 'அ', நம் 'அநியாயம்' என்ற சொல்லில் வருவதைப் போலவே இன்மையைக் காட்டுகிறது; 'வாஸ்குலர்' இரத்தக் குழாய்களைக் குறிப்பது. இரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு இறந்திருக்கிறது என்று அறியலாம், பெரும்பாலும் அது இடுப்பு மூட்டில் பொருந்தும் தொடையெலும்பின் தலைப்பகுதியாக இருக்கும். 'கேசியஸ்' என்றிருந்தால், அது பாலாடைக்கட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காசநோய் தாக்கிய நிணநீர்க் கணுவை அறுத்துப் பார்த்தால், உள்ளே வெளிர்மஞ்சளாக, தொட்டால் உதிரும் பதத்தில் அப்படித்தான் இருக்கும். அந்தப் பெயரை இட்டவர் கண்ணால் கண்டதையே எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

'அபாப்டோசிஸ்' என்பதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். செல்கள் ஒழுங்காகத் தாமே மடிவதைக் குறிக்க, 1972இல் கெர், வில்லி, கர்ரி ஆகிய மூன்று நோயியல் ஆய்வாளர்கள் இட்ட பெயர் அது. கிரேக்கத்தில் இலையுதிர்வைச் சுட்டும் சொல். அது உடலின் இயல்பான வேலை, நெக்ரோசிஸ் அப்படியன்று.

'கேங்ரீன்' (உடலின் ஒரு பகுதியில் திசு பெருமளவில் இறந்துபோகும் நிலை) என்று எழுதியிருந்தால் இன்னும் கவனமாகப் படியுங்கள். அரித்துத் தின்னும் புண்ணைக் குறித்த 'காங்ரைனா' என்ற கிரேக்கச் சொல்லே அதன் மூலம். ஆங்கிலத்தின் 'கிரீன்' போல ஒலித்தாலும், பச்சை நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உலர்ந்த வகையில் விரல் சுருங்கிக் கறுத்து, உயிருள்ள தோலுக்கும் இறந்த தோலுக்கும் நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரியும். ஈர வகையில் கிருமித்தொற்றும் சேர்ந்துகொள்வதால் கால் வீங்கி, கொப்புளம் எழும்பி, துர்நாற்றம் வீசும். விரைவாகப் பரவி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சர்க்கரை நோயாளியின் காலில் இவற்றைக் கண்டால், வலி இல்லையே என்று பொறுத்திருக்காமல், நரம்பு பாதிப்பால் வலி தெரியாமலும் போகும் என்பதை நினைவில் கொண்டு, உடனடியாக அறுவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.