கடல் உயிரியல் பட்டத்துக்குப் பணம் கட்டும் முன்

உளவியலோ நடத்தை அறிவியலோ படித்துவிட்டுக் கடல் பாதுகாப்புப் பணிக்குப் போக விரும்புகிறீர்களா? இன்னொரு பட்டத்துக்குப் பணம் கட்டும் முன், சில நாட்கள் விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்த உயிரினம் சிக்குகிறது, யாருடைய கையில், எந்தத் தருணத்தில், அப்போது அதைக் காப்பாற்றவிடாமல் தடுப்பது எது. அதை வேலை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

குஜராத் கடலில் வலையில் சிக்கும் திமிங்கலச் சுறாவை விடுவிக்க வலையை அறுத்தாக வேண்டும். அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. ஆனால் முன்பு அதற்கு அதிகாரி வந்து பார்க்க வேண்டியிருந்தது; அதுவரை காத்திருந்தால் சுறா துவண்டுவிடும். மீனவரிடமே நீர்புகாத கேமராவைக் கொடுத்து, அவர் எடுக்கும் படமே சான்று என்று ஆக்கியதும் அந்தத் தாமதம் குறைந்தது. எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் இது நடந்திருக்காது! இத்தகைய தடையைக் கண்டுபிடிக்கும் பயிற்சி உங்கள் படிப்பிலேயே இருக்கிறது.

பவளப்பாறை ஆய்வு, உயிரினக் கணக்கெடுப்பு போன்ற பணிகளுக்கு இது உதவாது. அவற்றுக்கு உயிரியல் பட்டமும் ஸ்கூபா பயிற்சியும் தேவை. ஆலைக்கழிவு கலக்கும் கரையிலும் மீனவரின் பழக்கத்தை ஆராயாதீர்கள், அங்கே வேண்டியது சட்ட நடவடிக்கை.