காவடி வளைவும் கண்ணின் கணக்கும்

பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மொரீஷியஸில் எங்கள் குடும்பத்துக் காவடிகளை முப்பது வருடமாகக் கட்டிவருகிறேன். அழகைப் பற்றி வகுப்பில் பேசியதையெல்லாம் மூங்கிலில்தான் சோதித்துப் பார்த்தேன்.

காவடியின் மூங்கில் சட்டத்தை விரதம் தொடங்குவதற்கு முன்பே வளைத்து வையுங்கள். பச்சை மூங்கில் காயும்போது சுருங்கும், கட்டு தளரும். பூசத்தன்று காலையில் கண்டுபிடித்தால் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான்.

எவ்வளவு வளைப்பது? இங்கிலாந்து ஓவியர் ஹோகார்த் 1753-இல் ஏழு நெளிகோடுகளை வரிசையாக வரைந்து காட்டினார். ஒரு கோடியில் இருப்பவை சப்பை, மறுகோடியில் இருப்பவை தொந்தி போட்டவை. நடுவிலுள்ள நாலாவதுதான் அழகின் கோடு என்றார். காவடி வளைவு நெளிகோடு இல்லை, சரி. ஆனால் குறுக்குக்கட்டையைத் தொடும் இடத்தில் நுனியை ஒரு விரல் அகலம் வெளியே திருப்பிப் பாருங்கள், அந்த நெளிவு வந்துவிடும்.

உயரத்துக்குப் பொன் விகிதம், அதாவது சின்னப் பக்கம் 1 என்றால் பெரிய பக்கம் 1.618, பார்க்கச் சொல்வார்கள். ஜெர்மனியின் உளவியலாளர் ஃபெக்னர் பத்துச் செவ்வகங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டு, முடிவை 1876-இல் வெளியிட்டார். கிட்டத்தட்ட 35 சதவீதம் பேர் அந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் வந்த சோதனைகளில் அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. ஆகவே சூத்திரத்தை விடுங்கள், தூக்குகிறவரின் தோளை அளந்து பாருங்கள். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1790-இல் அழகை இரண்டாகப் பிரித்தார்: பூ, எதற்கு என்று கேட்காமலே அழகு, கட்டடம், தன் வேலைக்குப் பொருந்தினால்தான் அழகு. காவடி இரண்டாவது வகை, அதன் மேலிருக்கும் பூ முதல் வகை. தோளில் நிற்காத காவடிக்கு எந்தப் பூவும் துணைக்கு வராது.

பூ விஷயத்தில் நான் பட்டது சொல்கிறேன். ஒரு வருடம் ஒன்பது வகைப் பூ வைத்தேன். அண்ணன் மகள் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது காவடியா பூக்கடையா?" என்றாள். உளவியலாளர் பெர்லைன் 1971-இல் எழுதியதும் அதேதான்: குறைந்தால் சலிப்பு, கூடினால் எரிச்சல், நடுவில்தான் இன்பம். இப்போது தென்னங்குருத்துப் பின்னல் அடியில், மஞ்சள் செண்டுப்பூ ஓரத்தில், உச்சியில் சிவப்பு ஆந்தூரியம் மூன்று. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வழியில் சிவப்பும் பச்சையும் எதிரெதிராகவே கணக்கிடப்படுகின்றன. அதனால் பச்சை மேல் சிவப்பு எட்டத்திலிருந்தே கூப்பிடும். ஆந்தூரியம் சீக்கிரம் துவளுவதுமில்லை. மணம்தான் இல்லை. முருகு என்ற சொல்லுக்கு அழகு, இளமை, மணம் மூன்றும் பொருள். எனவே குருத்துக்குள் மல்லிகைச் சரம் ஒன்றைச் செருகிவிடுவேன்.

கட்டி முடித்ததும் பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்று தெரியும். அப்புறம் கண்ணாடியில் பாருங்கள். வேலை செய்யும்போது கண்ணுக்குப் பழகிப்போன சாய்வு, இடம் வலமாக மாறியதும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பால் செம்புகளைக் கட்டிய பிறகு இதை இன்னொரு முறை செய்யுங்கள்.

பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். தூக்குகிறவருக்குத் தன் காவடி தெரியவே தெரியாது. கோயில் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் பின்னால் வருகிறவர்கள்தான். கயிற்று முடிச்சுகளைக் குருத்தால் மூடுங்கள், மிஞ்சின மல்லிகையை அங்கே கட்டுங்கள்.